தயவு செய்து பைரவி

வேதவல்லிக்குச் சிட்னியில் சுருதி போட்டது ஒரு துணி உலர்த்தும் மெஷின். சிரிக்க வேண்டாம், அப்படித்தான்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஆளை மறைக்கிற உயரத்துக்கு நாலு மெஷின்கள் வரிசையாக நிற்கும். மூன்று வெறுமனே கடகடவென்று அடித்துக்கொள்ளும். நாலாவது மட்டும் ஒரே சீராக ‘ம்ம்ம்’ என்று இழுக்கும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் அது அவள் காதில் விழுந்தது. அன்றைக்கே மேற்பார்வைக்காரியிடம் போய், எனக்கு அந்த நாலாவதையே கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். இருந்ததிலேயே பழசு அது. கதவு சரியாக மூடாது, யாரும் அதை வேண்டுமென்று கேட்டதில்லை. இவள் படுக்கை விரிப்புகளை அள்ளிப் போட்டுவிட்டு, அது இழுக்கிற ஸ்வரத்தோடு தன் ‘ஸா’வைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எட்டு மணி நேரமும் அடிக்குரலில் சாதகம் பண்ணுவாள். துணி அதிகமாகிவிட்டால் மெஷின் ஒரு நூல் இறங்கும். இவளும் ஒரு நூல் இறங்குவாள். பக்கத்தில் நின்று துணி மடிக்கிற இத்தாலிக்காரி, “வேதா, இன்றைக்கு உன் மெஷினுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்பாள்.

அது எழுபத்திரண்டாம் வருஷம். அவளுக்கு முப்பத்தேழு வயது. பெல்காமிலும் புனாவிலும் மேடையேறி, உட்கார்ந்த கூட்டத்தை நாலு மணி நேரம் எழுந்திருக்க விடாமல் பாடியவள் இவள் என்று அந்தச் சலவைக்கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. சொல்லிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை. குரல் தொண்டையில் இருக்கிறது, அதை எதற்கு வாயால் சொல்வது?

பிறந்து வளர்ந்தது ஹூப்ளி ரயில்வே காலனி. அப்பா பட்டறையில் ஃபிட்டர். வீட்டுக்குள் தமிழ், தெருவில் கன்னடம், பாட்டில் இந்தி. எப்படி இந்தி வந்தது என்றால், பக்கத்து ஊரான தார்வாடில் ஒரு பெரிய வித்வான் இருந்தார். அவரை எல்லோரும் புவா என்பார்கள். ஒன்பது வயதில் அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் உட்கார வைத்தார். அன்றிலிருந்து பதினெட்டு வருஷம், தினமும் காலை ரயிலில் போய் மதிய ரயிலில் திரும்பினாள். முதல் ஆறு மாதம் ‘ஸா’ ஒன்றே ஒன்றுதான். வீட்டு வாசலில் உட்கார்ந்து அதையே இழுத்துக்கொண்டிருப்பாள். காலனிப் பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு போகும்போது நின்று பார்ப்பார்கள்.

“ஏண்டி வேதா, பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?”

“இதுதான் அத்தை பாட்டு.”

“அப்படின்னா எங்க வீட்டுக்காரர் கொட்டாவி விடுறதும் பாட்டுதான்.”

இவள் சிரித்துக்கொள்வாள், நிறுத்தமாட்டாள். சின்ன வயதிலேயே அப்படி. இருபத்தேழு வயதில் புவா, “இனி நீ என்னிடம் வராதே, மேடைக்குப் போ” என்றார். போனாள். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களை எல்லாம் வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். முப்பத்து நாலில் ஈஸ்வரமூர்த்தி வந்தார். ரயில் இலாகாவில் வரைபடம் போடுகிற மனிதர். பெண் பார்க்க வந்தவர் காபி வேண்டாம் என்றுவிட்டு இரண்டரை மணி நேரம் பாட்டுக் கேட்டார். பாட்டில் ஒரு எழுத்தும் அவருக்குப் புரியவில்லை, ஆனால் எழுந்திருக்கவில்லை. இவர் போதும் என்று வேதவல்லியே அப்பாவிடம் சொன்னாள். அவருக்குத்தான் சிட்னி ரயில்வேயில் வேலை கிடைத்தது. ஐந்து வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தம்பூராவுக்கு ஒரு மரப்பெட்டி செய்து அடைத்துக்கொண்டு, இருவரும் வந்து சேர்ந்தார்கள்.

ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மாடிக் குடியிருப்பு. இவள் வாயைத் திறந்தால் அடுத்த வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். அதனால்தான் சாதகம் சலவைக்கூடத்துக்குப் போனது. அங்கேதான் யோகா அவளைக் கண்டுபிடித்தாள். யோகா யாழ்ப்பாணத்துப் பிள்ளை, அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். விரிப்பு குறைகிறது என்று கேட்க வந்தவள் மெஷினுக்குப் பின்னாலிருந்து வந்த குரலைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அக்கா, நீங்கள் தமிழோ?”

“ஆமா.”

“அப்ப ஏன் இதுக்குள்ள ஒளிச்சிருந்து பாடுறியள்?”

“ஒளியலைம்மா. வேலை பார்க்கிறேன்.”

யோகா அதை விடுகிற ஆள் இல்லை. தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் தேவராஜாவிடம் போய்ச் சொன்னாள். சங்கம் என்றால் அப்போது எழுபது எண்பது குடும்பம். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் பாதி, இலங்கையிலிருந்து வந்தவர்கள் பாதி. தேவராஜா கணக்காளர், நல்ல மனிதர், எதையும் இரண்டாம் தரம் கேட்கமாட்டார். “நான் பாடுறது இந்துஸ்தானி” என்று வேதவல்லி தெளிவாகச் சொன்னாள். “எல்லாம் ஏழு ஸ்வரம்தானே அம்மா” என்று சொல்லிவிட்டு, ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு சர்ச் ஹாலை எடுத்துவிட்டார். அது எழுபத்தைந்து.

கச்சேரிக்குப் பத்து நாள் இருக்கும்போது தார்வாடு வானொலியிலிருந்து கடிதம் வந்தது. நிலையக் கலைஞர் வேலை. செப்டம்பர் முதல் தேதி வந்து சேரவேண்டும். சம்மதமா இல்லையா என்று உடனே எழுதவும். வேதவல்லி அதைக் கன்னடத்தில் ஒரு தரம் படித்தாள், புருஷனுக்குத் தமிழில் ஒரு தரம் சொன்னாள்.

“போறியா?” என்றார் ஈஸ்வரமூர்த்தி. எழுதிக் கொடுத்த ஐந்து வருஷத்தில் அவருக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. அவர் அசைய முடியாது.

“சனிக்கிழமை பாடிட்டுச் சொல்றேன். இந்த ஊருக்கு நான் பாடகியா, துணி மடிக்கிறவளான்னு தெரிஞ்சிடும். மூணு மணி நேரம் உட்கார்ந்து கேட்டாங்கன்னா இங்கேயே இருக்கேன். இல்லேன்னா தார்வாடு.”

“இதுல என்னை எங்கே வெச்சிருக்கே?”

“உங்களை மூட்டையில வெச்சா தூக்கிட்டுப் போக முடியும்? ரெண்டு வருஷத்துல வந்துடுவீங்க.”

இவள் ஒரு முடிவை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அதை மாற்ற முடியாது என்று அவருக்குத் தெரியும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. அந்த வடக்கத்திச் சங்கீதத்தில் ஒவ்வொரு ராகத்துக்கும் ஒரு வேளை உண்டு. விடியலுக்கு ஒன்று, உச்சிக்கு ஒன்று, விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒன்று. பைரவி என்கிற ராகம் மட்டும் கச்சேரி முடிகிறபோது பாடுவது. பந்தியில் மோர் சாதத்துக்கு வந்தவர் மறுபடி சாம்பார் கேட்பாரா? அந்த மாதிரி. பைரவி பாடியாகிவிட்டது என்றால் அதற்குப் பிறகு அன்றைக்கு வாயைத் திறக்கக்கூடாது. புவா வீட்டில் இது உப்பு, புளி மாதிரி. யாரும் யாருக்கும் விளக்கிச் சொன்னதுகூட இல்லை.

சனிக்கிழமை வந்தது. ஹாலில் அறுபது பேர் இருப்பார்கள். தபலாவுக்குப் பீஜித் தீவிலிருந்து வந்த ஒரு பஸ் டிரைவர் கிடைத்திருந்தார், பஜனைக்கு வாசித்துப் பழகிய கை. தம்பூராவுக்கு யோகா. ஒரு வாரமாக வேதவல்லி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: நாலு தந்தி, வரிசை தப்பாதே, நான் நிறுத்தினாலும் நீ நிறுத்தாதே.

வேதவல்லி கணக்காகத் திட்டம் போட்டிருந்தாள். நாலு மணி வெயிலுக்கு முல்தானி. ஐந்து மணிக்கு வெளியே இருட்டத் தொடங்கும், அப்போது மார்வா. விளக்கெல்லாம் போட்டபின் யமன். கண்ணை மூடிக்கொண்டு முல்தானியை எடுத்தாள். மூன்று வருஷம் மெஷினோடு பாடிய குரல், நிஜத் தம்பூராவைக் கேட்டதும் கன்றுக்குட்டி மாதிரி துள்ளியது. அவள்தான் இழுத்துப் பிடித்து மெதுவாக நடத்தினாள். ஹால் நிசப்தம். நாற்பது நிமிஷம் போனது. முல்தானியை இறக்கி வைத்துவிட்டு ஒரு வாய் வெந்நீர் குடித்தாள்.

அப்போதுதான் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு கைமாறிக் கைமாறி முன்னால் வந்தது. செயலாளர் தேவராஜா எழுந்து, அதை இரண்டு கையாலும் பிரசாதம் மாதிரி ஏந்திக்கொண்டு வந்து மேடையில் வைத்துவிட்டுக் கும்பிட்டார். வேதவல்லிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். படித்தாள். மூன்றே வார்த்தை.

‘தயவு செய்து பைரவி.’

இன்னொரு தரம் படித்தாள். மாறவில்லை, அதேதான்.

நாற்பது நிமிஷத்திலேயே முடிக்கச் சொல்கிறார்கள். அதுவும் சங்கத்துச் செயலாளரே எழுந்து வந்து, எல்லோர் சார்பிலும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறார். அதைவிட அந்தத் ‘தயவு செய்து’தான் முள்ளாகக் குத்தியது. போதும் என்று சொன்னால்கூடப் பரவாயில்லை. கெஞ்சுகிறார்களே!

அவள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. தபலாக்காரர் பக்கம் திரும்பி, “பைரவி” என்றாள்.

அவர் கண்ணை விரித்தார். “இப்போதேவா?” என்று இந்தியில் கேட்டார்.

“கேட்கிறார்கள். கொடுத்துவிடுவோம்.”

பாடினாள். எட்டு நிமிஷம். கோபத்தை அதில் ஒரு சொட்டுக்கூட விடவில்லை. ராகம் என்ன தப்புச் செய்தது? முடித்ததும் கும்பிட்டாள், எழுந்தாள், தம்பூராவுக்கு உறையை மாட்டினாள், பின்கதவு வழியாகப் போய் ஹோல்டன் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஈஸ்வரமூர்த்தி பின்னாலேயே ஓடினார்.

ஹாலில் கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. குசினியில் சங்கத்துப் பெண்கள் வடைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். “ஏழு மணிக்கெண்டுதானே சொன்னவை, இன்னும் எண்ணெய்கூடக் காயேல்லை!” என்று அங்கே ஒரு கூச்சல். யோகா மேடையிலேயே உட்கார்ந்து அழுதாள். “நான்தான் தந்தியை மாறித் தட்டிப்போட்டன். அதுதான் அக்கா கோவிச்சுக்கொண்டு போட்டா.”

காரில் வேதவல்லி ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். “திங்கட்கிழமை டிக்கெட்டுக்குச் சொல்லிடுங்க.”

மறுநாள் காலை பத்து மணிக்கு வீட்டு மணி அடித்தது. தேவராஜா நிற்கிறார். கையில் ஒரு பாத்திரம் நிறைய வடை. பக்கத்தில் இன்னொருவர், மெட்ராஸ்காரர், ரோடு போடுகிற இஞ்சினியர், கிருஷ்ணசாமி என்று பெயர். குளிருக்குக் கழுத்தில் மப்ளர், நெற்றியில் விபூதி, முகத்தில் குற்றம் செய்த பிள்ளையின் களை. பின்னால் யோகா, அழுது வீங்கின கண்ணோடு.

“அம்மா, நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்?” என்றார் தேவராஜா, உள்ளே வருவதற்கு முன்பே. “வெளியில போகச் சொன்னாலும் போறன். காரணத்தைச் சொல்லிப்போட்டுப் போகச் சொல்லுங்கோ.”

“உட்காருங்க” என்றாள் வேதவல்லி. உட்கார்ந்ததும் அந்தச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். “நீங்க கேட்டீங்க, நான் முடிச்சேன். இதுல என்ன காரணம் வேண்டியிருக்கு?”

கிருஷ்ணசாமி சீட்டைப் பார்த்தார். “இது நான் எழுதினது அம்மா.”

“நல்லது. தயவு செய்துன்னு மரியாதையா எழுதியிருந்தீங்க.”

“மரியாதையாத்தானே கேட்கணும்? பைரவின்னா எனக்கு உசிரு. நீங்க அந்த முதல் ராகத்தைப் பாடினது கேட்டு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. இந்தக் குரல்ல ஒரு பைரவி, விஸ்தாரமா ஒரு மணி நேரம் கேட்டுட்டா ஜென்மம் சாபல்யம்னு எழுதினேன். நீங்க என்னடான்னா எட்டு நிமிஷம் வேற எதையோ பாடிட்டு எழுந்து போயிட்டீங்க. பாடினதும் பைரவி மாதிரியே இல்லை.”

“அதுதான் பைரவி.”

“அது பைரவி இல்லைம்மா.”

“பதினெட்டு வருஷம் கத்துக்கிட்டது நானா நீங்களா?”

“நாற்பது வருஷம் கேட்டுக்கிட்டிருக்கிறது நான்!”

ஈஸ்வரமூர்த்தி எழுந்து போய்க் காபி போட்டார். அது ஆறுகிற வரைக்கும் இது ஓடியது. ஓடி ஓடிக் கடைசியில்தான் விளங்கியது. அங்கே தெற்கே, பைரவி கச்சேரிக்கு நடுநாயகம், இலை நடுவில் போடுகிற சாதம். இங்கே இவளுக்கு அதே பெயர் இலை எடுக்கிற நேரம். ராகமும் வேறு, வேளையும் வேறு, பெயர் மட்டும் ஒன்று. ஒரு வெள்ளைக்காரர் அந்த ஹாலில் இருந்திருந்தால் அவருக்காக எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லியிருப்பார்கள், இந்தத் தப்பு நடந்திருக்காது. தமிழர்கள் தமிழச்சியிடம் தமிழில் எழுதிக் கேட்டதால் வந்த வினை.

கிருஷ்ணசாமி தலையில் கையை வைத்துக்கொண்டார். “அப்போ நான் உங்களை எழுந்து போகச் சொல்லியா எழுதிக் கொடுத்தேன்? ஐயோ, அதுவும் தயவு செய்துன்னு!”

யோகாவுக்கு உயிர் வந்தது. “அப்ப என்ர கை பிழைக்கேல்லையோ அக்கா?”

“உன் கை ஒண்ணும் பிழைக்கலை. நீதான் ஒழுங்கா வாசிச்சே.”

“எண்டால் பிரச்சினை முடிஞ்சுது” என்றார் தேவராஜா. “நான் நாளைக்கே ஹாலுக்கு எழுதுறன். அக்டோபரில ஒரு சனிக்கிழமை...”

“அக்டோபர்ல நான் இங்கே இருக்கமாட்டேன்” என்றாள் வேதவல்லி. கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். வருகிற ஞாயிறு தாண்டி திங்கட்கிழமை தபாலில் பதில் போயாக வேண்டும்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “அம்மா, அதுதான் தப்பு எங்களதுன்னு ஒப்புக்கிட்டாச்சே” என்றார் கிருஷ்ணசாமி. “எல்லாரும் ஆசையாத்தான் கேட்டோம்.”

இங்கேதான் அவளுடைய பிடிவாதம். வேறு யாராவது என்றால், சரி போகட்டும் என்று அப்போதே மனது இளகியிருப்பார்கள். இவள் இளகவில்லை. வடை கொண்டுவந்தவர்கள் நல்ல வார்த்தை சொல்லத்தான் செய்வார்கள். வார்த்தையை நம்பி ஒரு வாழ்க்கையை வைக்க முடியாது.

“ஆசைன்னு சொல்றீங்க. சரி. வர்ற ஞாயிற்றுக்கிழமை பாடறேன். காலை ஆறு மணிக்கு.”

“மாலை ஆறா?”

“காலை. மாலை ராகம் நேத்தோட போச்சு. விடியலிலேர்ந்து உச்சி வரைக்கும் பாடறேன். வர்றவங்க வரட்டும்.”

“ஜூலை மாசத்துல காலை ஆறு மணிக்கா?” கிருஷ்ணசாமி மப்ளரை இறுக்கிக்கொண்டார். “பல்லு கிட்டிப் போகுமேம்மா. ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்டுல காபியே ஒன்பது மணிக்குத்தான்.”

“அதனாலதான் கேட்கிறேன்” என்றாள் வேதவல்லி.

ஞாயிற்றுக்கிழமை ஹால் கிடைக்காது, சர்ச்சுக்கு வேண்டும். தேவராஜா தன் வீட்டைக் கொடுத்தார். அதுவும் ஸ்ட்ராத்ஃபீல்டில்தான், பழைய காலத்துச் செங்கல் வீடு. சனிக்கிழமையே உட்காருகிற கதிரைகளை எல்லாம் கராஜுக்குள் தள்ளி, முன் அறையில் கம்பளி விரித்து, மூலைக்கு ஒன்றாக மண்ணெண்ணெய் ஹீட்டர் வைத்திருந்தார்.

ஆறடிக்கக் கால் மணி இருக்கும்போது வேதவல்லி அங்கே போனாள். வெளியே கும்மிருட்டு. கார்க் கண்ணாடியெல்லாம் பனி. உள்ளே தேவராஜாவும் அவர் வீட்டுக்காரியும், ஈஸ்வரமூர்த்தி, கிருஷ்ணசாமி, அவ்வளவுதான். யோகா ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து தம்பூராவோடு தயார். பீஜிக்காரர் விரல்களை ஹீட்டரில் காட்டிக்கொண்டிருந்தார். ஆறடித்தது. யாரும் வரவில்லை. தேவராஜா ஜன்னல் திரையை விலக்கி விலக்கிப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் பாப்பமே அம்மா. சனங்கள் வருங்கள்.”

“விடியல் காத்துக்கிட்டு இருக்காது” என்றாள். யோகாவுக்குத் தலையசைத்தாள். தம்பூரா ஆரம்பித்தது. “பைரவ்” என்று தபலாக்காரரிடம் சொன்னாள்.

கிருஷ்ணசாமி உட்கார்ந்த இடத்திலிருந்து துள்ளி எழுந்தார். “அம்மா அம்மா! நான் ஒண்ணும் கேட்கலை! ஆரம்பத்திலேயே முடிச்சிடாதீங்க!”

“உட்காருங்க ஐயா. அது பைரவி. இது பைரவ். அது மனைவி, இது புருஷன். இவர் முதல்ல வருவார்.”

“எப்படிம்மா இந்தக் குடும்பத்துல ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிக்கிறது?” என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். யோகா சிரித்துவிட்டாள், ஆனால் தந்தி வரிசை தப்பவில்லை.

வேதவல்லி கண்ணை மூடினாள். பாட ஆரம்பித்தால் அவள் கண்ணைத் திறப்பதில்லை. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்க்க அவளுக்குக் கண் வேண்டாம். வெறும் அறை குரலைச் சுவரில் அடித்துத் திருப்பி அனுப்பும். ஆள் நிறைய நிறைய, அந்தத் திரும்புதல் குறையும்; துணியும் உடம்பும் ஸ்வரத்தைக் குடித்துவிடும். முதல் ‘ஸா’ போன வேகத்தில் திரும்பி வந்து முகத்தில் அடித்தது. அறை வெறும் பாத்திரம். சரி, என்று அவள் அதற்கே பாடினாள். நாலு பேருக்கு என்று குறைத்துப் பாட அவளுக்குத் தெரியாது.

பைரவை அவசரமில்லாமல், கீழே இருந்து, ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால் அதிலேயே நின்று, மெல்லப் பிரித்தாள். கதவு ஒரு தரம் கிறீச்சென்றது. அப்புறம் இன்னொரு தரம். காலணி கழற்றும் சத்தம், யாரோ மூச்சுவிடும் சத்தம், ஒரு குழந்தையை ‘உஷ்’ என்று அடக்கும் சத்தம். அவள் மேல் ஸ்தாயிக்குப் போய்த் தொட்டாள். இந்தத் தடவை குரல் பாதிதான் திரும்பி வந்தது. இன்னும் சற்று நேரத்தில் கால்வாசி. மூடிய இமைக்குப் பின்னால் சிவப்பாக வெளிச்சம் ஏறியது. சூரியன் வந்துவிட்டது போலும். அடுத்து மேலே போனபோது ஸ்வரம் போனது போனதுதான். ஒரு துளி திரும்பவில்லை. ஈரத் துணி அடைத்த மெஷின் மாதிரி அறை நிறைந்து கிடந்தது.

பைரவை முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தாள். கம்பளியில் இடமில்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு, குல்லாய் போட்டுக்கொண்டு, தெர்மாஸ் பிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டு வாசல்படி வரை ஜனம். சர்ச் ஹாலில் அறுபது. இங்கே அதற்கு மேல். குசினி வாசலில் நின்றபடி ஒரு கிழவி ரசத்தை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். வாரம் முழுவதும் தேவராஜா போன் போட்டு எல்லோரையும் வதைத்திருக்கிறார், அது நிஜம். ஆனால் போனுக்குப் பயந்து யாரும் அந்தக் குளிரில் படுக்கையை விட்டு எழுந்திருக்கமாட்டார்கள். இதில் யாரும் வாதாட வேண்டாம்.

எட்டு மணிக்குத் தோடி பாடினாள். பாடி முடித்ததும் கிருஷ்ணசாமி கையைத் தூக்கினார்.

“அம்மா, குறுக்கே பேசறேன்னு நினைக்காதீங்க. எங்க ஊர்ல இதுக்குப் பேரு சுபபந்துவராளி.”

“எங்க ஊர்ல தோடி.”

“எங்க தோடி வேற ஒண்ணு இருக்கே.”

“இருக்கட்டும். ஒரே பேர்ல ரெண்டு பேர் ஒரு தெருவுல இருக்கக்கூடாதா?”

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒரு யாழ்ப்பாணத்துக் குரல், “கிருஷ்ணசாமி அங்கிள், இண்டைக்கு வாயைத் திறவாதேங்கோ! போன முறை மூண்டே மூண்டு சொல்லு எழுதி எங்கட கச்சேரியைக் குழப்பினது காணும்!” என்றது. அவர் வாயில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பத்து மணி ஆயிற்று. வடை வாசனை வந்தது. யாரும் அதன் பக்கம் போகவில்லை. பத்தரை ஆயிற்று. வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு பேர் மட்டும் கும்பிட்டுவிட்டுப் பின்பக்கமாக நழுவினார்கள். மற்றவர்களுக்கு எழுந்திருக்க மனசு வரவில்லை. முடிக்கச் சொல்ல தைரியமும் வரவில்லை. அவளாகத்தான் இறங்கி வந்தாள். பதினொன்றுக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது பைரவியை எடுத்து, இந்தத் தடவை அவசரமில்லாமல், அதற்கு உரியதையெல்லாம் கொடுத்து முடித்தாள். கை தட்டல் அடங்குவதற்கு முன் கிருஷ்ணசாமி வந்து நெடுஞ்சாண்கிடையாக விழப்போனார்; இடமில்லாததால் பாதியில் நின்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வேதவல்லி விமானத் தபாலுக்கான நீலத்தாள் எடுத்து, கன்னடத்தில் நாலு வரி எழுதினாள். தங்கள் அன்புக்கு நன்றி. எனக்கு இங்கே கச்சேரிகள் இருப்பதால் வர இயலாது. எழுதி ஒட்டிவிட்டு, “கச்சேரிகள்னு பன்மையில போட்டிருக்கேன். சரிதானே?” என்று புருஷனைக் கேட்டாள்.

“சரிதான்.”

“நீங்க டிக்கெட்டுக்குச் சொன்னதை ரத்துப் பண்ணிடுங்க.”

ஈஸ்வரமூர்த்தி காபித் தம்ளரைப் பார்த்தார். “டிக்கெட் கடை மூடியிருந்தது வேதா.”

“திங்கட்கிழமையா?”

“திங்கள், செவ்வாய், புதன். நானும் தினம் போய்ப் பார்த்தேன். என்னவோ மூடியே இருந்தது.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவருக்கு இரண்டாவது தம்ளர் காபி கேட்காமலே வந்தது.

அதற்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிறு காலையில் பாட்டு என்று ஆகிவிட்டது. தேவராஜாவின் வீட்டுக்காரி நல்லவள்தான், ஆனாலும் எத்தனை மாதம் கதிரைகளைக் கராஜில் தள்ளுவது? அடுத்த வருஷம் கோடையில் வேதவல்லி, “நமக்குன்னு வீடு வேணும்” என்றாள். சுவர் தட்டுகிற ஆள் இல்லாத வீடு. வென்ட்வேர்த்வில் பக்கம் மலிவாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு ஏஜெண்டைப் பிடித்தார்கள். தடித்த, வியர்க்கிற, பொறுமையான வெள்ளைக்காரர்.

முதல் வீட்டில் குசினி புத்தம் புதியது. வேதவல்லி குசினிப் பக்கம் போகவே இல்லை. முன் அறையின் நடுவில் நின்று அடிக்குரலில் ஒரு ‘ஸா’ போட்டாள். ஏஜெண்டு கையிலிருந்த சாவிக்கொத்தைக் கீழே போட்டார். “இது டப்பா” என்றாள் வேதவல்லி. இரண்டாவது வீட்டில் நல்ல தோட்டம். அதுவும் டப்பா. மூன்றாவதில் கம்பளம் சுவருக்குச் சுவர் ஒட்டியிருந்தது. குரலை மூக்கில் பஞ்சு வைத்த மாதிரி ஆக்கிவிட்டது. வாசலுக்கு வருவதற்குள் வேண்டாம் என்றுவிட்டாள்.

நாலாவது வீடு மரவீடு. கூரையில் ஒரு பக்கம் தகரம் தூக்கிக்கொண்டு நின்றது. கழிப்பறை வீட்டுக்குப் பின்னால், செடிகளுக்கு நடுவில். குசினியில் ஒரே ஒரு குழாய், அதுவும் ஒழுகியது. ஏஜெண்டுக்கே காட்ட வெட்கம். “முன் அறை மட்டும் பெரிசு” என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

வேதவல்லி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். தரையெல்லாம் பழைய பலகை. நடுவில் நின்று ஒரு ‘ஸா’ இழுத்தாள். அது பலகை வழியாக இறங்கி, அவள் பாதத்துக்கு அடியில் மெல்லச் சுற்றி, சுவர் வரை போய், நிதானமாக நின்றது. ஈஸ்வரமூர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஒழுகுகிற குழாயை எப்படிச் சரிசெய்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

“அவரை அந்த மூலையில போய் நிக்கச் சொல்லுங்க” என்றாள் வேதவல்லி. “ஆள் இருந்தா எப்படிக் கேட்குதுன்னு பார்க்கணும்.”

ஈஸ்வரமூர்த்தி இங்கிலீஷில் சொன்னார். ஏஜெண்டு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சொன்ன மூலையில் சொன்னபடி போய் நின்றார். வேதவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். கால் மணி நேரம் கழித்து அவர், இப்போது நகரலாமா என்று ஈஸ்வரமூர்த்தியிடம் ரகசியமாகக் கேட்டார்.

“இன்னும் இல்லை” என்றார் ஈஸ்வரமூர்த்தி.